கண்டுபிடித்ததோடு கடமை முடிகிறதா?

(சங்கத்தின் மறுசந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"மாணவர்களுக்குப் பயன்படுகிற மாதிரி ஏதாவது பேசுங்கள்" என்று செயலாளர் அவர்கள் கேட்டுக்கொண்டார். வேலைவாய்ப்பு, நேர்முகத் தேர்வு, மேல்படிப்பு இவற்றைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியான பெரியவர்கள் இந்த மேடையில் இருக்கிறார்கள். அதனால் நான் வேறொரு விஷயத்தை எடுத்துக்கொண்டேன். ஆயுதங்கள், அவை மண்ணுக்கும் மக்களுக்கும் செய்கிற கேடு, அதில் விஞ்ஞானிக்கும் பொறியாளனுக்கும் இருக்கிற பொறுப்பு. இதுதான் என் தலைப்பு.

"நமக்கு ஏன் சார் இதெல்லாம்? நாம என்ன அணுகுண்டா செய்யப் போறோம்?" என்று பின் வரிசையிலிருந்து ஒரு தம்பி மனதுக்குள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நியாயமான கேள்விதான். அதனால் அணுகுண்டை விட்டுவிட்டு, களைக்கொல்லியிலிருந்து ஆரம்பிக்கிறேன். நம்மில் பாதிப் பேர் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்கள். களைக்கொல்லி என்றால் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

சோயா செடியும் ஒரு மாணவரும்

ஆர்தர் கால்ஸ்டன் என்று ஓர் அமெரிக்கத் தாவரவியல் விஞ்ஞானி. 1920-ல் பிறந்தவர். இல்லினாய்ஸ் பல்கலைக் கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்து 1943-ல் டாக்டர் பட்டம் பெற்றார். அவருடைய ஆராய்ச்சி, சோயா செடியைச் சீக்கிரம் பூக்கவும் காய்க்கவும் வைப்பது எப்படி என்பது. டி.ஐ.பி.ஏ. என்ற ஓர் இரசாயனத்தைச் சிறிய அளவில் தெளித்தால் செடி சீக்கிரம் பூக்கிறது என்று கண்டார். கூடவே இன்னொன்றையும் கண்டார். அளவு கூடினால் இலைகள் உதிர்ந்து விடுகின்றன. நேர்மையான மாணவர் என்ன செய்வார்? இரண்டையும் ஆய்வேட்டில் எழுதினார்.

விவசாயிக்கு உதவ வேண்டும் என்பதைத் தவிர அவர் மனதில் வேறு எண்ணம் இல்லை. ஆனால் அந்த ஆய்வேட்டை வேறு சிலரும் படித்தார்கள். அமெரிக்க இராணுவத்தின் உயிரியல் ஆயுத ஆராய்ச்சி மையம் டெட்ரிக் என்ற இடத்தில் இருந்தது. அங்கிருந்தவர்களுக்கு முதல் பாதி தேவைப்படவில்லை, இலை உதிர்வது என்ற இரண்டாவது பாதிதான் தேவைப்பட்டது. தன் ஆராய்ச்சி அந்தப் பக்கம் போயிருக்கிறது என்பது போர் முடிந்த பிறகுதான் கால்ஸ்டனுக்கே தெரிய வந்தது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பின்னால் வியட்நாமில் தெளிக்கப்பட்ட ஏஜென்ட் ஆரஞ்சு என்ற மருந்தைக் கால்ஸ்டன் கண்டுபிடிக்கவில்லை. அது வேறு இரசாயனம். இலையை உதிர்க்க முடியும் என்ற வழியில் நடந்த பலரின் ஆராய்ச்சிகளில் அவருடையதும் ஒன்று, அவ்வளவுதான். சட்டப்படி பார்த்தால் அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. "எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை" என்று ஒதுங்கியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

பத்தாண்டு காலத் தெளிப்பு

போர்க்களத்தில் களைக்கொல்லியைப் பயன்படுத்துவது வியட்நாமில் தொடங்கியதல்ல. 1950-களின் தொடக்கத்திலேயே மலாயாவில் பிரிட்டிஷ் இராணுவம் இந்த வகை மருந்துகளைத் தெளித்திருக்கிறது. ஆனால் வியட்நாமில் நடந்ததன் அளவே வேறு. 1962-லிருந்து 1971 வரை அமெரிக்க விமானப்படை "ராஞ்ச் ஹேண்ட்" என்ற பெயரில் தென் வியட்நாமின் காடுகள் மேலும் பயிர்கள் மேலும் களைக்கொல்லி தெளித்தது. ஒரு விமானத்தின் தொட்டியில் ஏறத்தாழ 3,800 லிட்டர். சில நிமிடங்களில் அது காலியாகிவிடும். பத்தாண்டுகளில் மொத்தம் 7 கோடி லிட்டருக்கும் மேல். எதிரி ஒளிவதற்கு மரம் இருக்கக் கூடாது, சாப்பிடப் பயிர் இருக்கக் கூடாது என்பதுதான் நோக்கம். அந்த மரமும் பயிரும் எதிரிக்கு மட்டுமா சொந்தம்? அந்த ஊர் விவசாயி என்ன ஆவார்?

நம்மில் பலர் பிச்சாவரம் போய்ப் படகில் சுற்றியிருக்கிறோம். அதே மாதிரியான அலையாத்திக் காடுகள் தென் வியட்நாமின் கரையோரம் பரந்து கிடந்தன. மற்றக் காட்டு மரங்களில் பல ஒரு முறை தெளித்தால் இலை உதிர்ந்து மறுபடி துளிர்த்தன. அலையாத்தி மரமோ ஒரே தெளிப்பில் செத்துப் போனது. அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் 1974-ல் கொடுத்த அறிக்கையின்படி, தென் வியட்நாமின் அலையாத்திக் காடுகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தெளிப்புக்கு ஆளானது. மரம் போனால் மீன் குஞ்சுக்கு இடமில்லை. மீன் போனால் மீனவனுக்குப் பிழைப்பு இல்லை.

ரியாக்டருக்குள் நடந்தது

இப்போது என் துறைக்கு வருகிறேன். நான் இரசாயனப் பொறியாளன். ரியாக்டரும் வெப்பமானியும்தான் என் பிழைப்பு. அதனால் இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டும்.

ஏஜென்ட் ஆரஞ்சு என்பது இரண்டு களைக்கொல்லிகளின் கலவை. ஒன்று 2,4-டி. நம்மூர் நெல் வயலிலும் கரும்புத் தோட்டத்திலும் "டூ ஃபோர் டி" என்று இன்றும் சொல்கிறார்களே, அதேதான். இன்னொன்று 2,4,5-டி. டிரம்மில் ஆரஞ்சு நிறப் பட்டை அடித்திருந்ததால் அந்தப் பெயர் வந்தது.

இந்த இரண்டாவது மருந்தைத் தயாரிக்க முதலில் டிரைகுளோரோ ஃபீனால் என்ற பொருள் வேண்டும். டெட்ரா குளோரோ பென்சீனைக் காஸ்டிக் சோடாவோடு சேர்த்து, அழுத்தத்தில் சூடுபடுத்தி அதை எடுப்பார்கள். அந்த வினையின்போது வெப்பநிலை அளவு மீறினால் வேண்டாத துணைப்பொருள் ஒன்று உருவாகும். அதுதான் டி.சி.டி.டி. என்ற டையாக்சின். இலையை உதிர்க்க அது தேவையே இல்லை. யாரும் அதைக் கேட்கவும் இல்லை. ரியாக்டரைச் சூடாக, வேகமாக ஓட்டினால் அது கூடும். நிதானமாக, வெப்பநிலையைக் கட்டுக்குள் வைத்து ஓட்டினால் குறையும். போர்க்காலத்து அவசரத்தில், ஆயிரக்கணக்கான டிரம் வேண்டும் என்று ஆர்டர் வந்துகொண்டிருக்கிறபோது எது நடக்கும் என்று தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதில் என்னை மிகவும் வருத்துவது ஒன்றுண்டு. ஆபத்து முன்பே தெரிந்திருந்தது. 1949-ல் அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாவின் நைட்ரோ என்ற ஊரில், இந்த மருந்து தயாரித்த தொழிற்சாலையில் விபத்து நடந்து, தொழிலாளர்களுக்கு உடம்பெல்லாம் கொப்புளம் கிளம்பியது. குளோராக்னே என்று அந்தத் தோல் நோய்க்குப் பெயர். 1957-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து டாக்டர்கள், இதற்குக் காரணம் அந்த டையாக்சின்தான் என்று எழுதியும் விட்டார்கள். வியட்நாமில் ராஞ்ச் ஹேண்ட் தெளிப்பு தொடங்கியது 1962-ல். ஐந்து வருஷம் இடைவெளி இருந்தது. தொழிற்சாலைக்குள் தெரியும், தோல் டாக்டர்களுக்குத் தெரியும். டிரம்மை உருட்டிய சிப்பாய்க்குத் தெரியாது. வானத்திலிருந்து விழுந்த துளியைக் கையால் துடைத்த விவசாயிக்கும் தெரியாது.

இதைக் கெட்ட மனிதர்கள் செய்த சதி என்று சொல்லிவிட்டால் நமக்கு வேலை சுலபமாகிவிடும். நான் அப்படி நினைக்கவில்லை. ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போய்க் குழந்தைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர்கள்தான் அங்கேயும் வேலை பார்த்தார்கள். "அது நம்ம டிபார்ட்மென்ட் இல்லப்பா" என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்க வேண்டும். இந்த வாக்கியத்தை நாம் எல்லோருமே அலுவலகத்தில் கேட்டிருக்கிறோம்.

பேசிய மனிதர்

பேச வேண்டிய கட்டாயம் இல்லாத கால்ஸ்டன்தான் பேசினார். அப்போது அவர் யேல் பல்கலைக் கழகத்தில் பேராசிரியர். அவர் கையாண்ட வழியைத் தம்பிமார்கள் கவனிக்க வேண்டும். முதலில் தனக்குத் தெரிந்ததை மட்டும் பேசினார். போர் சரியா தவறா என்று அவருக்குக் கருத்து உண்டு. ஆனால் விஞ்ஞானியாக எழுதியபோது, இந்த மருந்து செடிக்கு என்ன செய்யும், மண்ணில் என்ன ஆகும், எதெல்லாம் இன்னும் சோதிக்கப்படவில்லை என்பதைத்தான் எழுதினார். அடுத்து, தனியாகப் போகவில்லை. 1966-ல் அவரும் சக தாவரவியல் அறிஞர்களும் சேர்ந்து ஜனாதிபதி ஜான்சனுக்குக் கடிதம் எழுதினார்கள். உள்நாட்டு விவசாயிகளே பயன்படுத்துகிற மருந்துதான், மனிதருக்குக் கெடுதல் இல்லை என்பது அன்றைய அரசின் நிலை. அந்தப் பதிலோடு அவர் வாயை மூடிக்கொள்ளவும் இல்லை.

1969-ல் ஒரு திருப்பம் ஏற்பட்டது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்துக்காக நடந்த ஓர் ஆய்வில், 2,4,5-டி கொடுக்கப்பட்ட எலிகளின் குட்டிகள் குறைபாட்டோடு பிறந்தது வெளியே வந்தது. கால்ஸ்டன், ஹார்வர்டு பேராசிரியர் மேத்யூ மெசல்சன் போன்றவர்கள் அந்தச் சான்றைக் கையில் வைத்துக்கொண்டு அரசிடம் வாதாடினார்கள். 1970 ஏப்ரலில் ஏஜென்ட் ஆரஞ்சு பயன்பாடு நிறுத்தி வைக்கப்பட்டது. 1971 ஜனவரியோடு ராஞ்ச் ஹேண்ட் விமானங்களும் நின்றன. போர் அதற்குப் பின்னும் நான்கு வருஷம் நடந்தது. அந்த நான்கு வருஷமும் தெளித்திருந்தால் இன்னும் எத்தனை காடு, எத்தனை குடும்பம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இயற்கைச் சூழலையே அழிப்பதற்கு "எக்கோசைட்" என்ற சொல்லை 1970-ல் முன்வைத்தவரும் கால்ஸ்டன்தான். இனப்படுகொலை போல இதுவும் ஒரு குற்றம் என்பது அவர் கட்சி. போரில் களைக்கொல்லியை முதலில் பயன்படுத்துவதில்லை என்று 1975-ல் அமெரிக்க ஜனாதிபதி ஃபோர்டு ஆணையிட்டார். சூழலை மாற்றியமைத்து அதையே ஆயுதமாக்குவதைத் தடைசெய்யும் உடன்படிக்கை 1978-ல் நடைமுறைக்கு வந்தது. இவையெல்லாம் ஒருவரால் மட்டும் நடந்தவை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பேசியவர்கள் இல்லாமல் நடந்திருக்காது.

மிச்சம் இருந்த மருந்தை 1977-ல் பசிபிக் கடலில் ஜான்ஸ்டன் தீவுக்கு அருகே ஒரு கப்பலில் வைத்து எரித்தார்கள். மண்ணில் இறங்கியதை அப்படி எரிக்க முடியுமா? டிரம்களை வைத்திருந்த டா நாங் விமானத்தளத்தில் மண்ணும், அடுத்திருந்த ஏரியும், ஏரி மீனும் நஞ்சாகிக் கிடந்தன. 2012-ல் தொடங்கி 2018 வரை அங்கே மண்ணைத் தோண்டிக் குவித்து, மூடி, 335 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி டையாக்சினைப் போக்கினார்கள். 90,000 கனமீட்டர் மண். செலவு சுமார் 11 கோடி டாலர். அடுத்து பியென் ஹோவா என்ற தளம். அங்கே சுமார் 5 லட்சம் கனமீட்டர் மண்ணைச் சுத்தம் செய்ய வேண்டும் என்ற கணக்கோடு 2019-ல் பணி தொடங்கியது. அறுபதுகளில் ஒரு ரியாக்டரில் காட்டியிருக்க வேண்டிய நிதானத்தைக் காட்டாததற்கு, ஐம்பது வருஷம் கழித்து இந்த விலை. மனிதர்கள் கொடுத்த விலைக்குக் கணக்கே கிடையாது. குழந்தைகள் குறைபாட்டோடு பிறந்த வீடுகளில் இன்று தாத்தா பாட்டிகள் பேரப்பிள்ளைகளைத் தூக்கிச் சுமக்கிறார்கள்.

மூன்று கேள்விகள்

பாதுகாப்புத் துறையிலும் அதன் ஆய்வுக் கூடங்களிலும் பணியாற்றும் நண்பர்கள் இந்த அரங்கில் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. நாட்டுக்குப் பாதுகாப்பு வேண்டும். எல்லையில் நிற்பவருக்கு நல்ல கருவி கொடுப்பது தவறான வேலை அல்ல. ஆனால் எந்தத் துறையில் இருந்தாலும், ஒரு பொருளைச் செய்கிறபோது மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

முதல் கேள்வி: நான் செய்வதோடு கூடவே வேறு என்ன உருவாகிறது? டையாக்சின் கதை இதுதான்.

இரண்டாவது கேள்வி: சண்டை முடிந்த பிறகு இது எங்கே இருக்கும், யார் எடுப்பார்கள்? கண்ணிவெடியை நினைத்துப் பாருங்கள். சமாதானம் ஆகிவிட்டது என்று அதற்குத் தெரியாது. இலங்கையில் போர் 2009-ல் முடிந்தது. அதற்குப் பின் பல வருஷங்கள் முகமாலை போன்ற இடங்களில் நம் தமிழ்ப் பெண்கள் உள்பட ஏராளமானோர் முட்டி போட்டு அங்குலம் அங்குலமாக மண்ணைக் கிளறி வெடி எடுத்தார்கள். பிளாஸ்டிக் உடம்போடு செய்த வெடியைக் கருவி கண்டுபிடிப்பது கடினம். அதனால்தான் 1996-ல் திருத்தப்பட்ட சர்வதேச நெறிமுறை, ஆள்கொல்லிக் கண்ணிவெடி ஒவ்வொன்றும் குறைந்தது 8 கிராம் இரும்புக்குச் சமமான சமிக்ஞை தர வேண்டும் என்கிறது. புதைத்த இடத்தின் வரைபடத்தைப் பத்திரப்படுத்த வேண்டும் என்கிறது. இந்தியாவும் அந்த நெறிமுறையை ஏற்றிருக்கிறது. 1997-ல் ஒட்டாவா ஒப்பந்தம் ஒரு படி மேலே போய், ஆள்கொல்லிக் கண்ணிவெடியே கூடாது என்றது. அதில் இந்தியா சேரவில்லை, இலங்கை 2017-ல் சேர்ந்தது. 8 கிராம் இரும்பு என்பது ஒரு டிசைன் முடிவு. வரைபட மேஜையில் எடுக்கப்படும் அந்த முடிவில் ஒரு விவசாயியின் கால் இருக்கிறது.

மூன்றாவது கேள்வி: எனக்குத் தெரிந்ததை யாரிடம் சொல்லியிருக்கிறேன்? எழுத்தில் சொல்லியிருக்கிறேனா?

சில சமயம் சொன்னால் போதாது, விலகத்தான் வேண்டியிருக்கும். போலந்தில் பிறந்த இயற்பியல் விஞ்ஞானி ஜோசப் ராட்பிளாட் அப்படிச் செய்தவர். ஹிட்லர் முந்திவிடுவானோ என்ற பயத்தில் அணுகுண்டுத் திட்டத்தில் சேர்ந்தார். ஜெர்மனியிடம் குண்டு இல்லை என்று 1944 கடைசியில் தெரிந்ததும் விலகிவிட்டார். பிறகு கதிரியக்கத்தை மருத்துவத்துக்குப் பயன்படுத்தும் ஆராய்ச்சிக்குப் போனார். 1957-ல் தொடங்கிய பக்வாஷ் மாநாடுகள் மூலம், பகை நாட்டு விஞ்ஞானிகளை ஒரே மேஜையில் உட்கார வைத்துப் பேச வைத்தார். 1995-ல் அவருக்கும் அந்த அமைப்புக்கும் சமாதான நோபல் பரிசு கிடைத்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆயுதத்தை ஒழிப்பதும் பொறியியல் வேலைதான். இரசாயன ஆயுதத் தடை ஒப்பந்தம் 1997-ல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா தன்னிடம் இருந்ததை அறிவித்து, 2009-ல் அழித்து முடித்தது. உலக நாடுகள் அறிவித்த 72,000 டன்னுக்கும் மேற்பட்ட இரசாயன ஆயுதங்களில் கடைசிக் கையிருப்பு 2023 ஜூலையில் அமெரிக்காவில் அழிக்கப்பட்டது. ஒவ்வொரு டன்னையும் யாரோ ஒரு பொறியாளர், வெப்பநிலையையும் அழுத்தத்தையும் பார்த்துப் பார்த்து, வெளியே கசியாமல் அழித்திருக்கிறார். பேனா மையில் சேர்க்கிற தையோடைகிளைக்கால் என்ற பொருளிலிருந்து மஸ்டர்டு வாயுவும் செய்யலாம். அதனால் அதைக் கையாளும் தொழிற்சாலை கணக்குக் காட்ட வேண்டும், சர்வதேசப் பார்வையாளர்கள் வந்து சோதிப்பார்கள். அந்தப் படிவத்தை நிரப்புகிற ஜூனியர் எஞ்சினியர் அதை வெறும் காகித வேலை என்று நினைக்க வேண்டாம். உலக சமாதானத்தில் அவருக்கும் ஒரு கையெழுத்து இருக்கிறது.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

கடைசியாக, மனதில் உள்ளதைச் சொல்லி முடிக்கிறேன். கால்ஸ்டன் நிரந்தரப் பதவியில் இருந்த பேராசிரியர். முதல் வேலையில் சேர்ந்து ஆறு மாதம் ஆன நம் தம்பிக்கு அந்த வசதி இல்லை. அவன் தலைமேல் கல்விக் கடன் இருக்கிறது, ஊரில் தங்கைக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். "சார், இந்தக் கழிவை ராத்திரியில் ஆற்றில் விடுகிறோம், இது சரியில்லை" என்று சொன்னால் மறுநாள் அவனுக்கு வேலை இருக்குமா? இருக்கும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆயுதத் தொழிற்சாலையாக இருந்தாலும் சாதாரணச் சாயப் பட்டறையாக இருந்தாலும், பேசுவதன் விலை ஒன்றுதான். "மனசாட்சிப்படி நட" என்று மேடையில் நின்று சொல்லிவிட்டு, விலையை அவன் ஒருவன் தலையில் கட்டுவது நியாயமில்லை.

கால்ஸ்டன்கூடத் தனியாகக் கடிதம் எழுதவில்லை. சக விஞ்ஞானிகளோடு சேர்ந்துதான் எழுதினார். நமக்கும் ஒரு சங்கம் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு முறை கூடி, பழைய ஹாஸ்டல் கதை பேசி, மதியச் சாப்பாடு முடிந்து பிரிகிறோம். அதுவும் வேண்டியதுதான். அதோடு இரண்டு காரியங்கள் செய்யலாம். ஒன்று, இக்கட்டில் இருக்கும் இளைய பொறியாளர் ஒருவர் பெயர் வெளியே வராமல் யோசனை கேட்க, அனுபவமுள்ள மூத்தவர்கள் நான்கு பேரைக் குழுவாக அமைக்கலாம். இரண்டு, நேர்மைக்காக வேலையை இழந்தவர் என்று அந்தக் குழு உறுதி செய்தால், அவருக்கு வேறு வேலை தேடித் தருவதை நம் சங்கம் தன் கடமையாக எடுத்துக்கொள்ளலாம். இந்த அரங்கில் மட்டும் வேலை கொடுக்கக்கூடிய நிலையில் இருப்பவர்கள் ஐம்பது பேராவது இருப்பீர்கள். என் பங்குக்கு, அந்தக் குழுவுக்கு உழைக்க நான் தயார்.

மாணவச் செல்வங்களுக்கு ஒரே ஒரு விண்ணப்பம். இறுதியாண்டு புராஜெக்ட் ரிப்போர்ட்டில் ஒரு பக்கம் கூடுதலாக எழுதுங்கள். "இதனால் வேறு என்ன ஆகக்கூடும்" என்பது அந்தப் பக்கத்தின் தலைப்பாக இருக்கட்டும். மார்க் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, எழுதிப் பழகுங்கள். 1943-ல் ஒரு மாணவர் எழுதிய ஆய்வேட்டில் இலை உதிர்ந்த விஷயம் சில வரிகள்தான். அந்தச் சில வரிகளுக்காக அவர் 2008-ல் இறக்கும் வரை பேசிக்கொண்டே இருந்தார், யேலில் மாணவர்களுக்கு அறிவியல் அறத்தைப் பாடமாகவே நடத்தினார்.